குறுவையா, குரூப் 4-ஆ, குவைத்தா? டெல்டா இளைஞர்கள் போட வேண்டிய ஒரு கணக்கு

2024 ஜூன் 12. குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான தேதி. அந்த வருஷம் அணையில் போதுமான தண்ணீர் இல்லை, திறக்கலை. ஜூலை 28-ம் தேதிதான் தண்ணீர் விட்டாங்க. அதே ஜூன் 12 விடியற்காலையில், குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. சுமார் 50 பேர் இறந்துபோனாங்க. பெரும்பாலானவங்க இந்தியர்கள். தமிழர்கள் 7 பேர். அதில் ஒருத்தர் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்.

இந்த ரெண்டு செய்திக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனா டெல்டாவில் பிறந்து இப்போ 20 வயசைத் தொட்டுட்டு நிற்கிற உங்களுக்கு ரெண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். தண்ணி வந்தா ஊர்ல இருக்கலாம். வரலைன்னா எங்கே போறது? போற இடம் பத்திரமா?

இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. நைஜீரியாவில் இளைஞர்கள் நாட்டை விட்டுக் கிளம்புறதுக்கு ‘ஜாபா’ன்னு ஒரு சொல்லே வெச்சிருக்காங்க. யொரூபா மொழியில் கிட்டத்தட்ட ‘தப்பிச்சு ஓடு’ன்னு அர்த்தம். பிரிட்டன், கனடான்னு கிளம்புறவங்களைப் பார்த்து வீட்டில் இருக்கிறவங்க ‘நீ எப்போ?’ன்னு கேட்கிறது அங்கேயும் உண்டு. நம்ம பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கூத்தாநல்லூர்ப் பக்கம் ‘பையன் ஃபாரின்ல இருக்கானா?’ன்னு கேட்கிற மாதிரிதான்.

ஊர்ல இருக்கிறதா, கிளம்புறதா, கவர்ன்மென்ட் எக்ஸாம் எழுதுறதா? எது சரின்னு உங்களுக்காக யாரும் சொல்ல முடியாது. ஆனா எந்தப் பாதையை எடுத்தாலும் அதுக்கான விலையைக் கொடுக்கிறது பெரும்பாலும் ஒரே இடம்தான். வீட்டில் இருக்கிற அந்தக் கொஞ்ச நிலம், அம்மாவோட நகை, உங்களோட 20-லேர்ந்து 28 வரைக்குமான வருஷங்கள். அதனால பாதையைத் தேர்ந்தெடுக்கும் முன்னாடி ஒரு கணக்கு போட்டுடலாம்.

முதல்ல, ஊர்ல பணம் எங்கே போகுது?

ஒரு ஏக்கர் வயலை எடுத்துக்கோங்க. நம்ம ஊர்க் கணக்கில் மூணு மா. 24 குவிண்டால் விளைஞ்சதுன்னு வெச்சுப்போம். 2025-26 பருவத்துக்கு சன்ன ரக நெல்லுக்கு, தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். மொத்தம் 61,080 ரூபாய். உழவு, விதை, நடவு, களை, உரம், அறுவடை மெஷின் எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் செலவுன்னு வைங்க. (உங்க வீட்டு நிஜமான தொகையை அப்பாகிட்ட கேட்டு மாத்திக்கோங்க.) கையில் நிற்கிறது 26,000 ரூபாய். நாலு மாசத்துக்கு.

இப்போ அறுவடை நேரத்தில் மழை பிடிச்சுக்குது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகிதத்துக்கு மேல ஈரப்பதம் இருந்தா எடுக்க மாட்டாங்க. ரோட்டில் கொட்டி, தார்ப்பாய் போட்டு, நாலு நாள் காத்திருந்து, வேற வழியில்லாம வியாபாரிகிட்ட 2,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டா 48,000 ரூபாய் வரும். செலவு போக 13,000. அதாவது லாபத்தில் பாதி ஈரத்திலேயே போயிடுச்சு.

இது கற்பனைக் காட்சி இல்லை. 2025 ஜூன் 12-ம் தேதியே மேட்டூரைத் திறந்தாங்க, குறுவையும் நல்லா விளைஞ்சுது. அக்டோபரில் மழை வந்தது. கொள்முதல் நிலைய வாசலில் நெல் நாட்கணக்கில் கிடந்தது. ஈரப்பத வரம்பை 22 சதவிகிதம் ஆக்கச் சொல்லி மாநில அரசு கேட்க, மத்தியக் குழு வந்து பார்த்துட்டுப் போனது. தண்ணி வராத வருஷம் மட்டுமில்லை, நல்லா விளைஞ்ச வருஷமும் டெல்டாவைச் சோதிக்குதுங்கிறதுதான் இதில் நாம பார்க்க வேண்டியது. இல்லாமப் போனது காய வைக்கிற வசதியும், சேமிக்கிற இடமும்.

இன்னும் கொஞ்சம் சுத்திப் பாருங்க. அறுவடை மெஷின்களில் நிறைய சேலம், ஆத்தூர், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வருது. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பிச்சு சில வருஷம் ஆச்சு. கொள்முதல் பண்ணின நெல்லில் கணிசமான பங்கு அரவைக்காக ரயில் ஏறி வேற மாவட்டங்களுக்குப் போகுது. நெல் விளையறது இங்கே. அதைச் சுத்தி இருக்கிற கூலி, வாடகை, அரவை, பேக்கிங், பிராண்டுன்னு வர்ற பணத்தில் பெரும்பகுதி வெளியே போயிடுது. நம்ம பையன் குவைத் போறான், நம்ம வயலில் நட வங்காளத்திலிருந்து ஒரு பையன் வர்றான்.

அதோட, பெரிய தொழிற்சாலை வந்து எல்லாருக்கும் வேலை தரும்னு காத்திருக்கவும் முடியாது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதுசா எண்ணெய், எரிவாயு கிணறுகள், தாமிர, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள் மாதிரியானவற்றுக்குத் தடை போட்டுடுச்சு. மீத்தேன் திட்டத்தை எதிர்த்துப் போராடின மண்ணுக்கு அது வேண்டிய பாதுகாப்புதான். ஆனா வேலை தேடுற உங்களுக்கு அந்தச் சட்டம் இன்னொரு தகவலையும் சொல்லுது: இங்கே வளரப்போறது உணவு பதப்படுத்துதல், பண்ணை இயந்திரங்கள், கல்வி, மருத்துவம், சுற்றுலா, ஐடி மாதிரியான துறைகள்தான். ஊரில் இருக்கணும்னு நினைச்சா, இந்தப் பட்டியலுக்குள்ளதான் உங்க திறமையை வளர்த்துக்கணும்.

குரூப் 4: தேதி போட்டுப் படிங்க

கும்பகோணத்தில் ஆரம்பிச்சு நாகப்பட்டினம் வரைக்கும் எந்த நூலகத்துக்குப் போனாலும் காலையிலேயே இடம் பிடிச்சு உட்கார்ந்திருக்கிறது டிஎன்பிஎஸ்சி படிக்கிறவங்கதான். 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிச்ச இடங்கள் 3,935. விண்ணப்பிச்சவங்க சுமார் 13.9 லட்சம் பேர். அதாவது ஒரு நாற்காலிக்கு 350 பேர். பிறகு இடங்களைக் கூட்டினாங்க, ஆனா கூட்டத்தோட அளவு பெருசா மாறலை.

படிக்க வேண்டாம்னு சொல்லலை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, மார்க் எடுத்தா வேலைங்கிற நேர்மையான பாதை அது. பிரச்னை தேர்வில் இல்லை, முடிவுத் தேதி இல்லாமப் படிக்கிறதில் இருக்கு. ‘இந்த அட்டெம்ப்ட்ல அஞ்சு கேள்வியில போச்சு, அடுத்ததுல கண்டிப்பா’ன்னு சொல்லிச் சொல்லியே அஞ்சு வருஷம் ஓடிடும். அந்த அஞ்சு வருஷத்துக்கு ரெஸ்யூமேவில் எழுத ஒண்ணும் இருக்காது.

என்ன பண்ணலாம்?

• எத்தனை அட்டெம்ப்ட், எந்த வருஷம் வரைக்கும்னு இப்பவே எழுதி வீட்டில் சொல்லிடுங்க. ரெண்டு முழு அட்டெம்ப்ட் ஒரு நியாயமான எல்லை. அதுக்கு மேல எழுதினா, வேலை பார்த்துக்கிட்டே எழுதுங்க.

• டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிடுங்க. தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடங்களுக்குத் தொழில்நுட்பத் தகுதி கட்டாயம். அந்தச் சான்றிதழ் இல்லாதவங்க அங்கே போட்டிக்கே வர முடியாது.

• ஒரே தேர்வில் நிற்காதீங்க. எஸ்எஸ்சி நடத்தும் எம்டிஎஸ் மாதிரியான தேர்வுகளையும், ரயில்வே தேர்வுகளையும் இப்போ தமிழிலேயே எழுதலாம். பாடத்திட்டத்தில் கணக்கும் பொது அறிவும் நிறைய ஒத்துப்போகும்.

• கோச்சிங் ஃபீஸ் கட்டக் கடன் வாங்குறதுக்கு முன்னாடி, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருக்கிற தன்னார்வப் பயிலும் வட்டத்துக்குப் போய்ப் பாருங்க. பயிற்சி இலவசம். ‘நான் முதல்வன்’ போட்டித் தேர்வுப் பிரிவையும் பாருங்க.

ஃபாரின்: வட்டியோட சேர்த்துக் கணக்குப் போடுங்க

ஏஜென்ட் அண்ணன் சொல்றது எப்பவும் சம்பளத்தை மட்டும்தான். நீங்க கேட்க வேண்டியது மிச்சத்தை.

ஒரு உதாரணம். போறதுக்கு ரெண்டரை லட்சம் ரூபாய் கேட்கிறாங்க. நிலத்தையோ நகையையோ வெச்சு ரெண்டு வட்டிக்கு வாங்குறீங்க. நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய்னு கேட்கும்போது சின்னதாத் தெரியும், ஆனா அது வருஷத்துக்கு 24 சதவிகிதம். முதல் மாச வட்டியே 5,000 ரூபாய். அங்கே சாப்பாடு, ரூம் போக மாசம் 15,000 ரூபாய் அனுப்ப முடியுதுன்னு வைங்க. அந்த முழுப் பணத்தையும் கடனுக்கே கட்டினாலும், அடைச்சு முடிக்க 20 மாசத்துக்கு மேல ஆகும். ஒப்பந்தம் ரெண்டு வருஷம். ரெண்டு வருஷ வெயிலுக்கும் தனிமைக்கும் கடைசியில் கையில் நிற்கிறது 50,000 ரூபாய் சொச்சம்தான். நடுவில் வேலை போச்சுன்னா நிலம் திரும்பாது.

இதே பையன் சட்டப்படியான கட்டணத்தில் போயிருந்தா? இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருத்தர்கிட்ட வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாய், கூட ஜிஎஸ்டி. அவ்வளவுதான். அதுக்கு மேல கேட்கிற ஒவ்வொரு ரூபாயும் ஏன்னு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. சிங்கப்பூரிலும் அங்கிருக்கிற ஏஜென்சி ஒரு தொழிலாளிகிட்ட வாங்குறது, வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம் வீதம், அதிகபட்சம் ரெண்டு மாசச் சம்பளத்தைத் தாண்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு.

பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை:

• ஏஜென்ட்டோட பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்க. போர்டில் எழுதியிருந்தாப் போதாது.

• டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்னு சொன்னா, அந்த இடத்திலேயே எழுந்து வந்துடுங்க.

• பத்தாம் வகுப்பு முடிக்காதவங்களுக்கு, குவைத், சவுதி, மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவை. அது அலைச்சல் மாதிரி தெரிஞ்சாலும், ஒப்பந்தம் அரசுப் பதிவில் ஏறுறது அந்த வழியாத்தான்.

• பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்ஷூரன்ஸ் எடுங்க. விபத்து மரணம், நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் ரூபாய். பிரீமியம் சில நூறு ரூபாய்தான்.

• சிங்கப்பூர்னா, முன் அனுமதிக் கடிதம் கையில் வந்ததும் அந்நாட்டு மனிதவள அமைச்சகத் தளத்தில் சரிபாருங்க. அதில் எழுதியிருக்கிற அடிப்படைச் சம்பளம்தான் உங்க சம்பளம்.

• கம்போடியா, மியான்மர், லாவோஸில் ‘டேட்டா என்ட்ரி, கால் சென்டர், நல்ல சம்பளம்’னு யாராவது சொன்னா, அது சைபர் மோசடிக் கூடாரமா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். 2022-லேர்ந்தே தமிழக இளைஞர்கள் அங்கே மாட்டி மீட்கப்பட்டிருக்காங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச பட்டதாரிகளைத்தான் அவங்க குறிவைக்கிறாங்க.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப அரசே நடத்துற நிறுவனம் ஒண்ணு சென்னையில் இருக்கு: அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். நர்ஸ், டெக்னீஷியன், டிரைவர்னு அவ்வப்போது அறிவிப்பு வரும். அதைப் பார்க்காம ஏஜென்ட்கிட்ட போகாதீங்க. இன்னொரு விஷயம், வெல்டிங், எலெக்ட்ரிக்கல், ஏசி மெக்கானிக்னு ஒரு சான்றிதழோட போறவருக்கும், ‘ஹெல்பர்’னு போறவருக்கும் சம்பளத்திலும் மரியாதையிலும் இருக்கிற தூரம் பெருசு. ஒரு வருஷம் ஐடிஐயில் செலவு பண்ணிட்டுப் போனா அந்த ஒரு வருஷம் வீண் இல்லை.

படிப்பு: பக்கத்திலேயே இருக்கிறதைப் பாருங்க

தஞ்சாவூரில் நிஃப்டெம் இருக்கு. 1967-ல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆய்வுக்கூடமா ஆரம்பிச்சு, தஞ்சாவூருக்கு வந்து, இன்னைக்கு ஐஐடி, என்ஐடி போலவே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமா நிற்குது. அங்கே பி.டெக் உணவுத் தொழில்நுட்பம் சேர ஜேஇஇ மெயின் எழுதணும். நம்ம ஊரில் இருக்கிற காலேஜுக்கு நாடு முழுக்க இருந்து பசங்க வர்றாங்க. பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இருக்கிற நம்ம பசங்களில் பலர் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறதே இல்லை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் அப்படித்தான். வழி க்யூட் தேர்வு. ரெண்டுக்குமே பிளஸ் டூ படிக்கும்போதே அப்ளை பண்ணிடணும். ரிசல்ட் வந்த பிறகு விசாரிச்சா வண்டி போயிருக்கும்.

பி.எஸ்சி அக்ரி படிக்கணும்னா ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரி பக்கத்தில் இருக்கு. 1922-லேர்ந்து இயங்குற ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. உங்க வயலில் நிற்கிற ‘ஏடிடி’ ரகங்களுக்கு அந்தப் பேர் ஆடுதுறையால் வந்தது. நிலத்தை விட்டு ஓடணும்னு நினைக்கிறவங்களைவிட, நிலத்தைப் படிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு அந்தப் படிப்பு பலன் தரும்.

6-லேர்ந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில் படிச்சிருந்தா பொறியியல், வேளாண்மை, சட்டம், மருத்துவம் மாதிரியான தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தா கல்விக் கட்டணத்தை அரசே கட்டுது. மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இருக்கு. எல்லா விதிகளும் வருஷா வருஷம் மாறலாம். விண்ணப்பிக்கிற நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கோங்க.

கல்விக் கடன் எடுத்தா ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். 7.5 லட்சம் ரூபாய் வரைக்குமான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கு. அந்த அளவுக்குள்ள கேட்கும்போது வங்கியில் நிலப் பத்திரம் கேட்டா, ‘எந்த விதிப்படி?’ன்னு எழுத்துல கேளுங்க. பதில் மாறும்.

கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு: 2024 செப்டம்பரில் மேலவஸ்தாசாவடியில் டைடல் நியோ பார்க் திறந்தாங்க. சுமார் 55,000 சதுர அடி. சென்னையோட ஒப்பிட்டா ரொம்பச் சின்னது, அதை நம்பி மொத்த டெல்டாவும் காத்திருக்க முடியாது. ஆனா வீட்டிலிருந்து வெளியூருக்கு அனுப்பத் தயங்குற பெண் பிள்ளைகளுக்கு, பஸ்ஸில் போய் வர்ற தூரத்தில் ஒரு முதல் வேலைங்கிறது பெரிய விஷயம். ரெண்டு வருஷ அனுபவம் கையில் வந்துட்டா, பேச்சுவார்த்தை வேற மாதிரி நடக்கும்.

தொழில்: நெல்லுக்கு அடுத்த படியில் நில்லுங்க

மேல போட்ட கணக்கை ஞாபகப்படுத்திக்கோங்க. ஒரு ஏக்கருக்கு 13,000 ரூபாய் ஈரத்தில் போகுது. அதைக் காப்பாத்துறவருக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கும். நெல் உலர்த்துற மெஷின், ட்ரோன் மருந்து தெளிப்பு, நாற்று நடும் இயந்திரம், அறுவடை மெஷின் ரிப்பேர், சின்ன அரவை ஆலை, அவல், பொரி, அரிசி மாவு, இட்லி மாவு. இதெல்லாம் நெல்லுக்கு அடுத்த படி.

ஆனா இங்கேயும் கேள்வி அதே கேள்விதான்: வருஷத்தில் எத்தனை நாள் ஓடும்? உலர்த்துற மெஷின் மழை பெய்யுற அறுவடை நாட்களில் மட்டும்தான் ஓடும். வங்கி வட்டி 365 நாளும் ஓடும். அதனால ஒரே மெஷினை நம்பாம, குறுவைக்கு ஒண்ணு, சம்பாவுக்கு ஒண்ணு, சும்மா இருக்கிற கோடைக்கு ஒண்ணுன்னு மூணு வேலையைக் கோத்துப் பாருங்க. வாடகை நிர்ணயிக்கும் முன்னாடி, வேளாண் பொறியியல் துறையோட இ-வாடகை செயலியில் அரசு என்ன வாடகைக்குத் தருதுன்னு பாருங்க. உங்க போட்டியாளர் அரசாங்கம்தான்.

ட்ரோன் ஓட்டணும்னா டிஜிசிஏ அங்கீகரிச்ச மையத்தில் பயிற்சி எடுத்து ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கணும். 18 வயசும் பத்தாம் வகுப்பும் போதும். முதலில் சான்றிதழ் எடுத்து, ட்ரோன் வெச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட ஒரு பருவம் வேலை பாருங்க. எத்தனை ஏக்கர் ஆர்டர் வருது, பேட்டரிக்கு எவ்வளவு செலவாகுதுன்னு தெரிஞ்ச பிறகு வாங்குங்க. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ‘நமோ ட்ரோன் திதி’ திட்டத்தில் 80 சதவிகிதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் இருக்கு. உங்க அம்மா இருக்கிற குழுவில் பேசிப் பாருங்க.

பாரம்பரிய நெல் பக்கம் போறவங்களும் இருக்காங்க. மறைந்த ‘நெல்’ ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டெடுத்து, விதைத் திருவிழா நடத்தி, ரெண்டு கிலோ வாங்கிப்போனவங்க அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பித் தரணும்னு ஒரு வழக்கத்தையே உண்டாக்கினார். கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் இன்னைக்கு சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறதுக்குப் பின்னாடி அந்த உழைப்பு இருக்கு. ஆனா இப்போ இன்ஸ்டாவில் கவுனி விற்கிறவங்க ஏகப்பட்ட பேர். அரிசியா விற்கிறதைவிட, அவலாவோ சத்துமாவாவோ மாத்தி, திரும்பத் திரும்ப வாங்குற 50 வீடுகளைப் பிடிக்கிறதுதான் முதல் இலக்கா இருக்கணும்.

மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி நிஃப்டெமில் இருக்கிற தொழில் வளர்ப்பகத்துக்குப் போய் விசாரிங்க. கட்டணம் கட்டி அங்கே இருக்கிற இயந்திரத்தில் சோதனை உற்பத்தி பண்ணிப் பார்க்க வழி இருக்கு. பொருள் விற்குதான்னு தெரிஞ்ச பிறகு கடன் எடுக்கலாம்.

ஏற்றுமதிக் கனவு இருந்தா ஒரு எச்சரிக்கை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை மத்திய அரசு திடீர்னு நிறுத்திடுச்சு. தடையை நீக்க 2024 செப்டம்பர் ஆச்சு. அந்த 14 மாசத்தைத் தாங்குற அளவுக்கு உள்ளூர் வாடிக்கையாளர்கள் இருந்தாத்தான் ஏற்றுமதி பத்தி யோசிக்கணும்.

கடனுக்கு எங்கே போறது? மாவட்டத் தொழில் மையம்.

• யுஒய்இஜிபி: சின்ன அளவில் ஆரம்பிக்க. 25 சதவிகித மானியம். எட்டாம் வகுப்பு போதும்.

• நீட்ஸ்: பெரிய திட்டங்களுக்கு. 25 சதவிகிதம், அதிகபட்சம் 75 லட்சம்.

• பிஎம்எஃப்எம்இ: உணவு பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு. 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம்.

• முதல்வரின் உழவர் நலச் சேவை மையம்: வேளாண் பட்டதாரிகள், டிப்ளமோ முடிச்சவங்களுக்காக 2025-26 வேளாண் பட்ஜெட்டில் அறிவிச்சது. 10 முதல் 20 லட்சம் ரூபாய் முதலீட்டுக்கு 30 சதவிகித மானியம். இதுக்கு வேளாண் துறையில் விசாரிக்கணும்.

மானியத்தைப் பார்த்துத் தொழிலை முடிவு பண்ணாதீங்க. மீதி முக்கால்வாசி கடன்தான். சில திட்டங்களில் மானியம் மூணு வருஷம் கழிச்சுத்தான் கடனில் கழியும். அதுவரைக்கும் தவணை கட்டுற தெம்பு தொழிலுக்கு இருக்கணும்.

நிலமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு

டெல்டான்னாலே எல்லாருக்கும் வயல் இருக்குன்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. கூலிக்குப் போற வீடுகளும், கோயில் நிலத்தையோ மிராசுதார் நிலத்தையோ குத்தகைக்குச் சாகுபடி பண்ணுற வீடுகளும் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும். குத்தகைதாரர்னா முதல் வேலை, சாகுபடி உங்க பேரில்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட சான்று வாங்குறது. அது இல்லாம பயிர்க் கடனும் வராது, இன்ஷூரன்ஸும் வராது, கொள்முதல் நிலையத்தில் பணமும் உங்க கணக்குக்கு வராது.

அடமானம் வைக்க ஒண்ணும் இல்லாத வீட்டுக்குத் தொழில் கடன் கிடைக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. பட்டியல் சாதி, பழங்குடியின இளைஞர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவிகித மானியம் இருக்கு, அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை, வட்டியிலும் 6 சதவிகிதச் சலுகை. கல்வித் தகுதி கேட்கிறதில்லை. ‘பேங்க்ல நமக்கெல்லாம் தர மாட்டாங்க’ங்கிற பேச்சைக் கேட்டே வளர்ந்திருப்பீங்க. விண்ணப்பத்தை எழுத்துல கொடுத்து, நிராகரிச்சா அதுக்கான காரணத்தையும் எழுத்துல வாங்குங்க. அந்தத் தாளோட மாவட்டத் தொழில் மைய மேலாளரைப் பார்க்கலாம், குறைதீர்க்கும் நாளில் கலெக்டரையும் பார்க்கலாம்.

ஒரு தாளில் நாலு வரி

இதைப் படிச்சு முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. போன் நோட்ஸில் வேண்டாம், தாளில். நீங்க யோசிக்கிற ஒவ்வொரு பாதைக்கும் இந்த நாலு வரியை எழுதுங்க:

1. இதுக்கு ஆகுற மொத்தச் செலவு, வட்டியோட.

2. முதல் வருமானம் வர எத்தனை மாசம் ஆகும்?

3. எந்தத் தேதிக்குள்ள நடக்கலைன்னா நிறுத்தணும்?

4. நிறுத்தும்போது என் கையில் மிஞ்சுறது என்ன? சான்றிதழா, அனுபவமா, வெறும் கடனா?

நாலாவது வரியில் ‘வெறும் கடன்’னு வந்தா, அந்தப் பாதை எவ்வளவு பளபளப்பாத் தெரிஞ்சாலும் வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீங்க. எழுதின தாளை அப்பா, அம்மாகிட்ட காட்டுங்க. ‘நாங்க பார்த்துக்கிறோம், நீ போ’ன்னு அவங்க சொல்லுவாங்க. அதுக்காகவே அந்தத் தொகையை அவங்க கண்ணில் படுற மாதிரி பெருசா எழுதுங்க. அடகுக்கடையில் கையெழுத்துப் போடப்போறது அவங்கதான்.